எட்டு ஆண்டுகள் மும்பையின் கையில் இருந்த பிரிட்டன் வீடியோ கேம் நிறுவனம்: கோட்மாஸ்டர்ஸ் வரலாறு

மும்பை: வடாலா கிழக்கில், பக்தி பார்க் குடியிருப்பை ஒட்டி நிற்கும் ஐமேக்ஸ் திரையரங்கம் அந்நகரத் தமிழர்களுக்கும் பழக்கமான அடையாளம். 2001ஆம் ஆண்டு அட்லாப்ஸ் நிறுவனம் அதைத் திறந்தது. 2005இல் அட்லாப்ஸின் பெரும்பான்மைப் பங்குகளை அனில் அம்பானி தலைமையிலான ரிலையன்ஸ் குழுமம் வாங்கியபோது அத்திரையரங்கமும் அக்குழுமத்தின் வசம் சென்றது. பொழுதுபோக்குத் துறையில் அக்குழுமம் தொடங்கிய பெரும் கொள்முதல்களுள் அது முதன்மையானது.

அந்த வரிசையில் அதிகம் பேசப்படாமல் போன ஒன்று உண்டு. 2010 ஏப்ரலில், இங்கிலாந்தின் வார்விக்ஷயர் மாவட்டத்தில் சவுதம் என்னும் சிற்றூரை ஒட்டிய பண்ணை வளாகத்திலிருந்து இயங்கிவந்த கோட்மாஸ்டர்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் ரிலையன்ஸ் பிக் என்டர்டெயின்மென்ட் பாதிப் பங்கை வாங்கியது. பிரிட்டனில் நெடுங்காலம் தனித்து நின்ற வெளியீட்டாளர்களுள் ஒன்றான அதன் முதன்மை உரிமையாளர், அதன் பின் எட்டு ஆண்டுகள் மும்பையில் இருந்தார். பந்தயக் கார் விளையாட்டுகளை விரும்பி ஆடிய இந்திய இளைஞர்களில் பெரும்பாலோர் அதை அறிந்திருக்க மாட்டார்கள்.

வெளியீட்டாளர் என்பவர் யார்?

திரைப்படத்துக்குத் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும் எப்படியோ, வீடியோ கேமுக்கு வெளியீட்டாளர் அப்படி. விளையாட்டை எழுதி, வரைந்து, இயங்கச் செய்வது உருவாக்க நிறுவனத்தின் வேலை. அதற்குப் பணம் போடுவது, உரிமங்களைப் பெற்றுத் தருவது, விளம்பரம் செய்வது, கடைகளுக்கும் இணையச் சந்தைகளுக்கும் கொண்டு சேர்ப்பது ஆகியவை வெளியீட்டாளரின் பொறுப்பு. விளையாட்டு ஓடாவிட்டால் நட்டமும் அவருடையதே. கோட்மாஸ்டர்ஸ் இவ்விரண்டையும் ஒருசேரச் செய்த நிறுவனம்.

இத்துறையில் ஒரு நிறுவனத்தைச் ‘சுயேச்சையானது’ என்று சொல்லும்போது, சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ போன்ற கருவித் தயாரிப்பாளர்களுக்கோ அமெரிக்கப் பெருநிறுவனங்களுக்கோ சொந்தமில்லாதது என்றே பொருள் கொள்வர். முதலீட்டாளர் இருக்கக்கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. கோட்மாஸ்டர்ஸின் 35 ஆண்டு வரலாற்றில் பங்குகள் பலமுறை கைமாறின. ஆயினும் 2021 பிப்ரவரி வரை அந்தப் பொருளில் அது சுயேச்சையாகவே இருந்தது.

பதின்வயதுச் சகோதரர்கள்

டேவிட் டார்லிங், ரிச்சர்ட் டார்லிங் என்னும் சகோதரர்கள் 1980களின் தொடக்கத்தில், பள்ளிப் பருவத்திலேயே வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டுகளை எழுதி, கணினி வார இதழில் விளம்பரம் கொடுத்து, தபால் மூலம் விற்றனர். பின்னர் மாஸ்டர்ட்ரானிக் என்ற மலிவு விலை வெளியீட்டு நிறுவனத்துக்காகப் பல விளையாட்டுகளை எழுதினர். 1986ஆம் ஆண்டு தந்தை ஜிம் டார்லிங்குடன் சேர்ந்து கோட்மாஸ்டர்ஸைத் தொடங்கியபோது மூத்தவர் டேவிட்டுக்கு இருபது வயதளவில்தான் இருந்தது; ரிச்சர்ட் அவருக்கு இளையவர்.

அக்காலத்தில் பிரிட்டன் வீடுகளில் பரவியிருந்தவை சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், கமோடோர் 64, ஆம்ஸ்ட்ராட் போன்ற எளிய கணினிகள். விளையாட்டுகள், பாட்டுக் கேசட்டைப் போன்ற ஒலிநாடாக்களில் வந்தன. டேப் ரிக்கார்டரில் போட்டுச் சில நிமிடங்கள் காத்திருந்தால்தான் திரையில் ஏதாவது தோன்றும். முன்னணி நிறுவனங்களின் விளையாட்டு ஏழெட்டுப் பவுண்டுக்கும் மேல் விற்ற காலத்தில், கோட்மாஸ்டர்ஸ் தன் கேசட்டுகளை 1.99 பவுண்டுக்கு விற்றது. பள்ளிச் சிறுவர் தம் கைச்செலவுப் பணத்தில் யோசிக்காமல் வாங்கக்கூடிய விலை அது.

ரிச்சர்ட் எழுதிய ‘பிஎம்எக்ஸ் சிமுலேட்டர்’ முதல் பெரும் வெற்றியாயிற்று. அதன் பின் ‘கிராண்ட் பிரிக்ஸ் சிமுலேட்டர்’ முதல் சூதாட்ட இயந்திரத்தைப் போலி செய்த ‘ஃபுரூட் மெஷின் சிமுலேட்டர்’ வரை, எதற்கெடுத்தாலும் ‘சிமுலேட்டர்’ என்று பெயரிடும் வழக்கம் வந்தது. சாதாரண விளையாட்டுக்குப் பெரும் தொழில்நுட்பத் தோரணையைத் தந்த அந்தப் பெயரிடல் முறையை இன்று திரும்பிப் பார்த்தால் சிரிப்பு வரலாம். கடைத் தட்டில் அது வேலை செய்தது.

பிலிப் ஆலிவர், ஆண்ட்ரூ ஆலிவர் என்னும் இரட்டையரும் இந்நிறுவனத்துக்காக எழுதினர். அவர்கள் 1987இல் படைத்த ‘டிஸ்ஸி’, கைகால் முளைத்த முட்டை ஒன்றை நாயகனாகக் கொண்டது. குதிக்கும்போதெல்லாம் குட்டிக்கரணம் போட்டு உருளும் அந்த முட்டை, பல தொடர்ச்சிகளில் தோன்றிப் பிரிட்டன் சிறுவர்களின் செல்லமாயிற்று. பெரிய அலுவலகமோ பெரிய குழுவோ இன்றி, ஓரிருவர் சில வாரங்களில் ஒரு விளையாட்டை முடித்துக் கொடுத்த காலம் அது. மலிவு விலைக்குக் கட்டுப்படியானதும் அதனால்தான்.

நின்டெண்டோவுடன் மோதல்

1980களின் இறுதியில் கேசட் கணினிகளின் இடத்தை, தொலைக்காட்சியுடன் இணைக்கும் விளையாட்டுக் கருவிகள் பிடிக்கத் தொடங்கின. அமெரிக்கச் சந்தை நின்டெண்டோவின் பிடியில் இருந்தது. அக்கருவிக்கு யார் விளையாட்டு எழுதினாலும் நின்டெண்டோவின் அனுமதி வேண்டும். கேட்ரிட்ஜ்களை அந்நிறுவனம் வழியாகவே பெற வேண்டும். அனுமதியற்ற கேட்ரிட்ஜ் இயங்காதபடி கருவிக்குள்ளேயே ஒரு பூட்டுச் சில்லும் இருந்தது.

கோட்மாஸ்டர்ஸ் அனுமதி கேட்டு வரிசையில் நிற்கவில்லை. அந்தப் பூட்டைக் கடக்கும் வழியைத் தன் பொறியாளர்களைக் கொண்டே கண்டுபிடித்து, கனடாவின் கேமெரிகா நிறுவனத்தின் மூலம் தன் கேட்ரிட்ஜ்களை விற்றது. அனுமதியற்ற கேட்ரிட்ஜ்கள் 1990களின் இந்தியச் சிறுவர்களுக்கும் புதியவை அல்ல. ஆனால் இங்கு கிடைத்தவை பெரும்பாலும் நகல்கள். கோட்மாஸ்டர்ஸ் விற்றது தன் சொந்தப் படைப்புகளை.

அடுத்து வந்த கண்டுபிடிப்புதான் பெரும் வழக்கைக் கொண்டுவந்தது. ‘கேம் ஜீனி’ என்ற அந்தச் சாதனத்தைக் கேட்ரிட்ஜுக்கும் கருவிக்கும் நடுவே பொருத்த வேண்டும். கருவி கேட்ரிட்ஜிலிருந்து படிக்கும் தரவை அது இடைமறித்து, குறிப்பிட்ட இடத்தில் உள்ள எண்ணை மட்டும் வேறொன்றாக மாற்றிக் கொடுக்கும். ‘மூன்று உயிர்கள்’ என்பது ‘முடிவற்ற உயிர்கள்’ ஆகிவிடும். கேட்ரிட்ஜில் எதுவும் மாறாது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் பழையபடியே.

அமெரிக்காவில் இதை விற்க முன்வந்த கலூப் என்ற பொம்மை நிறுவனத்துடன் நின்டெண்டோ நீதிமன்றத்தில் மோதியது. தன் விளையாட்டிலிருந்து அனுமதியின்றி வேறொரு படைப்பு உருவாக்கப்படுகிறது, அது பதிப்புரிமை மீறல் என்பது நின்டெண்டோவின் வாதம். தான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டைத் தன் வீட்டில் தன் விருப்பப்படி மாற்றி ஆடும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது எதிர்த்தரப்பின் நிலை. 1991இல் கலிஃபோர்னியா நீதிமன்றம் கலூப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வழக்கின் தொடக்கத்தில் விற்பனைக்குத் தடை வாங்கியிருந்த நின்டெண்டோ, அதனால் ஏற்பட்ட இழப்புக்கு 1.5 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. மென்பொருளை வாங்கியவரின் உரிமை எதுவரை என்ற கேள்வி எழும்போதெல்லாம் அமெரிக்கச் சட்டத்துறையினர் இத்தீர்ப்பை இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர்.

கலூப்புடன் ஏற்பட்ட உறவு மற்றொரு வெற்றிக்கும் வழிவகுத்தது. அந்நிறுவனம் விற்ற சின்னஞ்சிறு பொம்மைக் கார்களை வைத்து 1991இல் ‘மைக்ரோ மெஷின்ஸ்’ வெளியானது. காலை உணவு மேசையும் குளியல் தொட்டியும் பந்தயச் சாலைகளாயின. பின்னர் சேகாவின் மெகா டிரைவ் கருவிக்கு, கேட்ரிட்ஜின் உடலிலேயே கூடுதலாக இரண்டு விளையாட்டுப் பிடிகளைச் செருகும் துளைகளை வைத்து வெளியிட்டது கோட்மாஸ்டர்ஸ். இரண்டு பேர் ஆட வேண்டிய கருவியில் நான்கு பேர் ஆடலாம். அதற்கெனத் தனிச் சாதனம் வாங்கத் தேவையில்லை. மலிவு கேசட்டில் தொடங்கியவர்களின் புத்தி அதிலும் தெரிந்தது.

சாலைப் பந்தயமே அடையாளம்

1997இல் பிரிட்டனின் கார் பந்தயத் தொடரை வைத்து ‘டோகா’, 1998இல் ஸ்காட்லாந்து ராலி வீரரின் பெயரில் ‘காலின் மெக்ரே ராலி’ ஆகியவை பிளேஸ்டேஷனில் வெளியாயின. சேற்றில் சறுக்கும் சக்கரம், பக்கத்து இருக்கையிலிருந்து அடுத்த வளைவை அறிவிக்கும் துணை ஓட்டுநரின் குரல், மோதினால் நசுங்கும் கதவு என்று, ஓட்டுவதன் கடினத்தையே இன்பமாக்கிய விளையாட்டுகள் அவை. அங்கிருந்து கோட்மாஸ்டர்ஸ் என்றாலே கார் பந்தயம் என்ற பெயர் நிலைத்தது.

மெக்ரே 2007 செப்டம்பரில் ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தார். அவர் பெயருடன் வந்த ‘டர்ட்’ அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் வெளியாகியிருந்தது. 2008இல் வந்த ‘கிரிட்’, விபத்துக்குள்ளான நொடிக்கு முன்பாகக் காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி மீண்டும் ஓட்டும் வசதியை அளித்தது. மறு ஆண்டு பாஃப்டா விருதையும் வென்றது. ஒரு வளைவில் தவறியதற்காக முழுப் பந்தயத்தையும் முதலிலிருந்து ஆட வேண்டிய எரிச்சலை அது போக்கியது. பிற நிறுவனங்களின் பந்தய விளையாட்டுகளும் பின்னர் அவ்வசதியை ஏற்றன.

பிறர் உருவாக்கியவற்றை வெளியிடுவதிலும் நிறுவனம் பெயர் பெற்றது. செக் நாட்டின் பொஹிமியா இன்டராக்டிவ் உருவாக்கிய ‘ஆபரேஷன் ஃபிளாஷ்பாயிண்ட்’ என்ற போர்க்கள விளையாட்டை 2001இல் வெளியிட்டது. இரு தரப்பும் பிரிந்தபோது பெயர் வெளியீட்டாளரிடம் தங்கியது. உருவாக்கியவர்கள் ‘ஆர்மா’ என்ற புதுப்பெயரில் தம் வழியே சென்றனர். ஒரு படைப்பின் பெயரும் அதைப் படைத்த கையும் வெவ்வேறு இடங்களில் முடியலாம் என்பதற்கு இத்துறையில் பலரும் சுட்டும் உதாரணம் அது.

இதற்கிடையே செலவு பெருகியது. கேசட் காலத்தில் ஓரிருவர் செய்த வேலைக்கு, உயர்தெளிவுத் திரைக்கான கருவிகள் வந்தபின் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈராண்டு, மூவாண்டு உழைக்க வேண்டியிருந்தது. குடும்பப் பணத்தால் இயலும் காரியம் அல்ல அது. 2005இல் முதலீட்டு நிறுவனம் ஒன்று பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்றது. 2007இல் டார்லிங் சகோதரர்கள் தம் எஞ்சிய பங்குகளையும் விற்று விலகினர். மறு ஆண்டு இருவருக்கும் பிரிட்டன் அரசின் சிபிஇ கௌரவம் வழங்கப்பட்டது. டேவிட் டார்லிங் 2011இல் குவாலீ என்ற கைப்பேசி விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்; அது பின்னாளில் பெங்களூருவிலும் ஒரு கிளையைத் திறந்தது.

மும்பையிலிருந்து வந்த பணம்

2008ஆம் ஆண்டு கோட்மாஸ்டர்ஸ் ஃபார்முலா 1 பந்தயத்தின் அதிகாரபூர்வ உரிமத்தைப் பெற்றது. ஆண்டுதோறும் புதிய கார்கள், புதிய ஓட்டுநர்கள், சில வேளைகளில் புதிய தடங்கள் என அனைத்தையும் குறித்த தேதிக்குள் மறுபடி உருவாக்கித் தர வேண்டிய பொறுப்பு அது. உலக நிதி நெருக்கடிக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், அப்படிப்பட்ட பொறுப்பை ஏற்ற நடுத்தர நிறுவனத்துக்கு நிலையான முதலீட்டாளர் கட்டாயத் தேவை.

ரிலையன்ஸ் அப்போது பொழுதுபோக்குத் துறையில் வேகமாக விரிந்துகொண்டிருந்தது. வடாலா ஐமேக்ஸை உள்ளடக்கிய திரையரங்கச் சங்கிலி, 2006இல் தொடங்கிய ஜபாக் என்ற இணைய விளையாட்டுத் தளம், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தில் முதலீடு என்று அதன் பட்டியல் நீண்டது. ஒரே கதையைத் திரையிலும் விளையாட்டிலும் விற்கும் எண்ணம் அதில் தெரிந்தது. ட்ரீம்வொர்க்ஸின் ‘ரியல் ஸ்டீல்’ 2011இல் திரைக்கு வந்தபோது, அதன் கைப்பேசி விளையாட்டை ரிலையன்ஸின் விளையாட்டுப் பிரிவே வெளியிட்டது.

2010 ஏப்ரலில் கோட்மாஸ்டர்ஸின் பாதிப் பங்கு மும்பைக்கு வந்தது. அதே ஆண்டு வெளியான ‘எஃப்1 2010’, பாஃப்டாவின் சிறந்த விளையாட்டுப்போட்டி கேம் விருதை வென்றது. 2013இல் ரிலையன்ஸின் பங்கு 60 விழுக்காட்டைக் கடந்தது.

இந்தியர்களுக்கு நெருக்கமான ஒரு தருணமும் இக்காலத்தில் வாய்த்தது. கிரேட்டர் நொய்டாவின் புத்தா பந்தயத் தடத்தில் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம் 2011 அக்டோபர் 30 அன்று நடைபெற்றது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே செப்டம்பரில் வெளியான ‘எஃப்1 2011’ விளையாட்டில் அந்தத் தடம் இடம்பெற்றிருந்தது. உலகச் சாம்பியன்கள் அதில் கார் ஓட்டுவதற்கு முன்பாக, வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடி இந்தியச் சிறுவர்கள் ஓட்டிப் பார்த்துவிட்டனர். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அந்த முதல் பந்தயத்தில் கலந்துகொண்டார். 2012ஆம் ஆண்டு விளையாட்டில் ஹெச்ஆர்டி அணியின் காரில் அவரையும் தேர்ந்தெடுத்து ஆட முடிந்தது. புத்தா தடத்தில் 2013க்குப் பின் ஃபார்முலா 1 நடைபெறவில்லை. விளையாட்டின் பிந்தைய பதிப்புகளிலும் அத்தடம் இல்லை.

இறக்கமும் மீட்சியும்

புதிய உரிமையாளர் வந்ததால் எல்லாம் நேராகிவிடவில்லை. 2011இல் வெளியிட்ட ‘பாடிகவுண்ட்’ என்ற துப்பாக்கி விளையாட்டு தோல்வியடைந்தது. அதை உருவாக்கிய கில்ஃபோர்டு நகரக் கிளை அடுத்த சில வாரங்களிலேயே மூடப்பட்டது. எல்லாவற்றிலும் கைவைக்கும் கொள்கையைக் கைவிட்டு, 2012இல் ‘கோட்மாஸ்டர்ஸ் ரேசிங்’ என்ற பெயரில் பந்தயத்தை மட்டும் நம்பும் முடிவுக்கு நிறுவனம் வந்தது. ஆட்குறைப்புகளும் நிகழ்ந்தன.

மீட்சிக்கு வழிகாட்டியது ஒரு சிறிய குழுவின் சோதனை முயற்சி. 2015 ஏப்ரலில் ‘டர்ட் ராலி’ விளையாட்டை, முழுமையடையாத நிலையிலேயே முன்னறிவிப்பு ஏதுமின்றி ஸ்டீம் இணையச் சந்தையில் விற்பனைக்கு வைத்தனர். ஆடுபவர்கள் குறை சொல்லச் சொல்ல, மாதந்தோறும் புதிய தடங்களும் கார்களும் சேர்க்கப்பட்டன. பல ஆண்டுகளாக எளிமைப்படுத்தப்பட்டுவந்த ராலி விளையாட்டு மீண்டும் கடினமானதாக, காலின் மெக்ரே காலத்து வாசகர்கள் ஏங்கியதைப் போன்றதாகத் திரும்பியது. பெரும் விளம்பரத்தால் ஆகாததை ஆடுபவர்களின் நம்பிக்கை செய்தது.

2016இல் சோனி மூடிய எவல்யூஷன் ஸ்டுடியோஸின் குழுவை கோட்மாஸ்டர்ஸ் அப்படியே பணியில் சேர்த்துக்கொண்டது. வேலையிழந்த நிபுணர்களை வாரங்களில் அரவணைத்த அம்முடிவு துறையினரின் பாராட்டைப் பெற்றது.

யாருக்கு எவ்வளவு?

2018 ஜூன் 1 அன்று கோட்மாஸ்டர்ஸ் லண்டனின் ஏஐஎம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பங்கு ஒன்றின் விலை 200 பென்ஸ்; மொத்த மதிப்பு சுமார் 28 கோடி பவுண்ட். திரட்டிய தொகையில் நிறுவனத்துக்கென வந்தது 1.5 கோடி பவுண்ட். ஏறத்தாழ 17 கோடி பவுண்ட், பங்குகளை விற்ற பழைய உரிமையாளர்களுக்குச் சென்றது. ரிலையன்ஸ் பெரும்பான்மை உரிமையாளர் என்ற நிலையிலிருந்து இறங்கி, பின்னர் படிப்படியாக வெளியேறியது. அக்குழுமத்தின் கடன் சுமை பெரும் செய்தியாக இருந்த காலம் அது. அதன் திரையரங்கச் சங்கிலி 2014இலேயே கார்னிவல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டிருந்தது; ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2019இல் திவால் நடவடிக்கைக்குள் சென்றது.

மும்பை விலகிய பிறகே கோட்மாஸ்டர்ஸின் மதிப்பு ஏறியது. 2019இல் ஃபார்முலா 1 உரிமம் 2025 வரை நீட்டிக்கப்பட்டது. மேலும் இரண்டாண்டுகளுக்கு நீட்டிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. ‘பிராஜெக்ட் கார்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய ஸ்லைட்லி மேட் ஸ்டுடியோஸ் வாங்கப்பட்டது. 2020இல், 2023 முதல் 2027 வரையிலான உலக ராலி சாம்பியன்ஷிப் உரிமமும் சேர்ந்தது.

அதே ஆண்டு கொரோனா பெருந்தொற்றால் உண்மையான பந்தயங்கள் நின்றபோது, ஃபார்முலா 1 அமைப்பே கோட்மாஸ்டர்ஸின் விளையாட்டை வைத்து மெய்நிகர் பந்தயத் தொடரை நடத்தியது. ஷார்ல் லெக்லெர், ஜார்ஜ் ரசல் போன்ற நடப்பு ஓட்டுநர்கள் தம் வீடுகளில் அமர்ந்து ஓட்டினர். அது தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது. ஒரு விளையாட்டு உரிமத்தின் மதிப்பைப் பெருநிறுவனங்களுக்கு அதைவிடத் தெளிவாக யாராலும் விளக்கியிருக்க முடியாது.

2020 நவம்பரில் அமெரிக்காவின் டேக்-டூ நிறுவனம் பங்குக்கு 485 பென்ஸ் என்ற அளவில் வாங்க முன்வந்தது. கோட்மாஸ்டர்ஸ் நிர்வாகக் குழுவும் இசைந்தது. டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் குறுக்கிட்டு 604 பென்ஸ் தருவதாக அறிவித்தது. டேக்-டூ விலகிக்கொண்டது. 2021 பிப்ரவரி 18 அன்று, சுமார் 120 கோடி டாலருக்கு விற்பனை நிறைவடைந்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு முன் 200 பென்ஸுக்கு விற்கப்பட்ட பங்கின் விலை மூன்று மடங்காகியிருந்தது. கடினமான ஆண்டுகளில் பொறுத்திருந்தவருக்கு, அறுவடை ஆண்டில் பங்கு இல்லாமல் போயிற்று.

விற்பனைக்குப் பின்

பெரிய குடையின் கீழ் சென்றதால் நிலைத்தன்மை கிடைக்கும் என்று அப்போது பேசப்பட்டது. ஃபார்முலா 1 விளையாட்டு ஆண்டுதோறும் தொடர்ந்தது. 2025 மே மாதத்தில் ‘எஃப்1 25’ வந்தது. ராலியின் கதை வேறு. 2023இல் ஒரு பதிப்பு வெளியானது. 2025 ஏப்ரல் இறுதியில், உலக ராலி சாம்பியன்ஷிப்புடனான கூட்டு முடிவுக்கு வந்ததாகவும், ராலி விளையாட்டுகளின் எதிர்கால உருவாக்கம் நிறுத்தி வைக்கப்படுவதாகவும் அறிவிக்கப்பட்டது. அதே நேரத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸில் ஆட்குறைப்பும் நடந்தது. 1998இல் ‘காலின் மெக்ரே ராலி’யுடன் தொடங்கிய வரிசை 27 ஆண்டுகளில் நின்றது. சுயேச்சையாக இருந்தபோது, இழப்புக் காலத்தில்கூடக் கைவிடாத ஒன்று அது.

2025 செப்டம்பரில், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸையே 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தைச் சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் உள்ளிட்ட குழு அறிவித்தது.

மும்பையின் அடுத்த முயற்சி

பிரிட்டன் வெளியீட்டாளர்கள் மீதான மும்பையின் ஆர்வம் ரிலையன்ஸுடன் ஓயவில்லை. கோட்மாஸ்டர்ஸ் கைமாறிய மறு மாதமே, 2021 மார்ச்சில், மும்பையின் நசாரா டெக்னாலஜீஸ் 1,101 ரூபாய் விலையில் பங்கு வெளியிட்டு இந்தியச் சந்தைக்கு வந்தது. நிதிஷ் மித்தர்சைன் இளம் வயதில் தொடங்கிய நிறுவனம் அது. 2024இல் லண்டனின் ஃபியூஸ்பாக்ஸ் கேம்ஸை வாங்கிய நசாரா, 2025 மே மாதத்தில் கர்வ் கேம்ஸ் என்ற பிரிட்டன் வெளியீட்டு நிறுவனத்தை 2.17 கோடி பவுண்டுக்கு வாங்குவதாக அறிவித்தது. ஐந்து கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்ற ‘ஹியூமன் ஃபால் ஃபிளாட்’ விளையாட்டை வெளியிட்டது கர்வ்தான்.

மூன்று மாதம் கழித்து, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியது. போக்கர் தளம் ஒன்றில் கணிசமான பங்கு வைத்திருந்த நசாராவுக்கும் அது அடியே. விலை கொடுத்து வாங்கி ஆடும் விளையாட்டுகளை வெளியிடும் தொழிலின் முக்கியத்துவம் இந்திய நிறுவனங்களுக்கு அதன் பின் கூடியிருக்கிறது. ரிலையன்ஸ் பங்கு வாங்கியபோது இந்தியாவில் அத்தொழிலைப் பற்றிப் பேசியவர்களே குறைவு.

வராமல் போன கிரிக்கெட்

மும்பைத் தொடர்பில் ஒரு வியப்பு எஞ்சியிருக்கிறது. கோட்மாஸ்டர்ஸ் கார் பந்தயத்துக்கு இணையாகக் கிரிக்கெட்டையும் வெளியிட்டுவந்த நிறுவனம். 1995 முதல் மேற்கிந்தியத் தீவுகள் வீரர் பிரையன் லாராவின் பெயரில் வந்த விளையாட்டுகள், 2005, 2007 பதிப்புகள், 2009இல் ‘ஆஷஸ் கிரிக்கெட்’ எனப் பதினைந்து ஆண்டு வரிசை அது. இந்தியாவின் இணைய மையங்களிலும் வீட்டுக் கணினிகளிலும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ கோலோச்சியபோது, அதற்கு மாற்றாக ஆடப்பட்டவை லாரா விளையாட்டுகளே.

ரிலையன்ஸ் பங்கு வாங்கிய சில வாரங்களில், 2010 நடுப்பகுதியில், ‘இன்டர்நேஷனல் கிரிக்கெட் 2010’ வெளியானது. அதுவே கடைசி. உலகில் கிரிக்கெட்டுக்கு மிகப் பெரிய சந்தையைக் கொண்ட நாட்டின் நிறுவனம் உரிமையாளராக இருந்த எட்டு ஆண்டுகளில், இந்தியா உலகக் கோப்பையை வென்ற 2011 உட்பட, அதன் பின் கோட்மாஸ்டர்ஸ் வேறொரு கிரிக்கெட் விளையாட்டையும் வெளியிடவில்லை. பந்தயத்தில் மட்டும் கவனம் என்ற கொள்கை ஒரு காரணம். பிளேஸ்டேஷன் போன்ற கருவிகள் அன்று இந்திய வீடுகளில் குறைவாக இருந்ததும், நகல் குறுந்தகடுகளே பரவியிருந்ததும் கணக்கில் வந்திருக்க வேண்டும். இந்தியச் சிறுவர்கள் கிரிக்கெட்டை ஆடத் திரும்பிய இடம் கைப்பேசி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் ‘கிரிக்கெட் 07’க்குப் பின் அத்தொடரில் புதிய பதிப்பு எதையும் கொண்டுவரவில்லை. ஒருகாலத்தில் போட்டியிட்ட அவ்விரு கிரிக்கெட் வரிசைகளையும் வெளியிட்ட நிறுவனங்கள் 2021 முதல் ஒரே கூரையின் கீழ் உள்ளன.